தேவகி அக்கா குளத்தில் விழவில்லை

செய்தி வந்தபோது ரயில் மணவூரில் நின்றிருந்தது. காலை ஏழரை மணி. முனிரத்தினம் அண்ணன் பேசினார்.

"அக்கா பூடுச்சி தம்பி."

அவர் தேவகி அக்காவின் உடன்பிறந்த தம்பி. திருத்தணி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் தமிழ்த் தட்டச்சு செய்துவந்தவர் தேவகி அக்கா. என் ஆய்வேட்டையும் இதுவரை நான் எழுதிய எல்லாக் கதைகளையும் தட்டச்சு செய்தவர். நாற்பத்தொரு வயது.

நான் கேட்ட முதல் கேள்வியை இங்கேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

"குளத்துலயாண்ணா?"

ரயில் கிளம்பி நடைமேடை பின்னால் போனது.

"இன்னாத்துக்குக் குளத்துல விழணும்? நெஞ்சு வலி," என்றார். போனை வைத்துவிட்டார்.

அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் வரும் ரயிலுக்காக நின்றேன். முக்கால் மணி நேரம். அழுகை வரவில்லை. கேட்ட கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. யார் இறந்தாலும் முதலில் என்ன ஆச்சு என்றுதான் கேட்போம். எனக்கு அது தோன்றவில்லை. அவர் எப்படி இறப்பார் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று என் மனம் முடிவு செய்திருந்தது. காரணம், ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கதையில் அவரை நானே குளத்தில் மூழ்கடித்திருந்தேன்.

*

அவரை முதலில் பார்த்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு. எனக்குக் கையால் எழுதித்தான் பழக்கம். சென்னையில் தட்டச்சு செய்பவர்கள் கேட்ட கூலி எனக்குக் கட்டுப்படியாகவில்லை. எங்கள் கே.ஜி.கண்டிகையிலிருந்து பேருந்து ஏறித் திருத்தணி வந்து அந்தக் கடையில் என் காகிதக் கட்டை வைத்தேன்.

அவர் தலை மொட்டையாக இருந்தது. அரை விரற்கடை முடி முளைத்திருந்தது. இந்த ஊரில் பெண்ணின் மொட்டைத் தலையை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. மலைக்கு முடி கொடுப்பவர்கள் தினமும் சந்தனம் பூசிய தலையோடு கடைத்தெருவில் தேங்காயும் வளையலும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்ல பேச்சாக இருக்கட்டும் என்று கேட்டேன்.

"வேண்டுதலாக்கா?"

"ஆங். வேண்டிகினது வீட்ல. முடி என்னுது."

சிரிக்காமல் சொன்னார். அது நகைச்சுவையா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் வேலைக்கு ஒரு முறை இருந்தது. யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் ஒரு சொல்லை மாற்ற மாட்டார். பட்டா மனுவில் ஒருவர் தன் அண்ணனைத் திட்டி எழுதியிருந்தாலும் அப்படியே அடிப்பார். முடித்ததும் ஒரு படி எடுத்துக் கையில் கொடுப்பார். "படிச்சிப் பாத்துக்குங்க. அப்பறம் என்னை சொல்லக்கூடாது." வந்தவர் படித்துவிட்டு அதன் அடியில் 'சரி பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அவரே வாசித்துக் காட்டுவார். அந்தப் படிகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பார். தாலுகா அலுவலகத்தில் தகராறு வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே போய்விடுவார் என்று கடைக்காரர் சேகர் பெருமையாகச் சொல்வார். கடையின் சாவி அக்காவிடம்தான் இருந்தது. காலை ஒன்பது மணிக்குத் திறப்பவர் அவர். சேகர் பதினொரு மணிக்கு வருவார்.

என் ஆய்வு நவீனப் புனைவில் பித்து பற்றியது. மூன்று இயல்கள். பித்து என்னும் ஞானம், பித்து என்னும் எதிர்ப்பு, பித்து என்னும் கண்ணாடி. பதினொரு நாட்களில் அடித்து முடித்தார். கடைசிப் பக்கத்தை அச்சிடும்போது கேட்டார்.

"தம்பி, இதுல எத்தினி பைத்தியம் வராங்க?"

"இருபத்து மூணு பாத்திரம்க்கா."

"அதுல ஒருத்தராவது மாத்திரை சாப்புட்றாங்களா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். ஒருவரும் இல்லை.

"ஒருத்தருக்காவது வேலை கீதா? ரேஷன் கடைக்குப் போறாங்களா? சும்மா சிரிச்சிகினே கீறாங்க. இல்லாட்டி உண்மையைச் சொல்லிகினே கீறாங்க. எப்பதான் தூங்குவாங்க?"

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் ஆய்வேட்டின்மேல் வைத்தார்.

"நான் சாப்புட்றேன். பதினேழு வருசமா."

*

அன்று அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன்.

பத்தொன்பது வயதில் தொடங்கியது. ஆடிக் கிருத்திகை. குடும்பத்தோடு காவடி எடுத்துப் படியேறிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் ஆட்டம். இவருக்கும் கை நடுங்கியது, பேச்சு நிற்காமல் வந்தது. "எல்லாரும் கால்ல வுழுந்தாங்க. கற்பூரம் காட்னாங்க. ஒரு அம்மா தன் புள்ளைக்கு எப்ப வேலை வரும்னு கேட்டுச்சி. நானும் இன்னாவோ சொன்னேன். மூணு நாள் நிக்கல. மூணு நாளும் நான் சாமி. நாலாவது நாள் கட்டிப் போட்டாங்க."

அதன்பிறகு ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் குடும்பம் முதலில் மலைக்கு அழைத்துப் போகும். மொட்டை. பிறகுதான் வேலூருக்கு, டாக்டரிடம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேண்டுதலை முந்திக்கொண்டு மருந்து போனால் மருந்து பலிக்காது என்று நம்பினார்கள். அந்த இரண்டு மூன்று நாட்களில் நோய் முற்றிவிடும். அதற்குள் அவர் தலையில் முடி இருக்காது.

இதில் ஊர் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் அந்தத் தலையில் பக்தியைப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் தேதியைப் பார்த்தார்கள். காது வரை வந்துவிட்டதா, கழுத்தைத் தொட்டுவிட்டதா. கழுத்துக்குக் கீழே வந்தால்தான் சிலர் பத்திரம் அடிக்கக் கொடுப்பார்கள். "மத்தவங்களுக்கெல்லாம் டாக்டர் சர்ட்டிபிகேட் குடுப்பாரு. எனுக்கு என் தலையே சர்ட்டிபிகேட்டு," என்றார்.

நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசை. பொய். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதே கைப்பேசியில் குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டேன்.

*

மூன்று மாதம் கழித்து அவர் மேசையில் என் கதையை வைத்தேன்.

கதை இது. மலையடிவாரத்தில் ஒரு பைத்தியக்காரி. ஆடிக் கிருத்திகை அன்று தலைவிரி கோலமாகப் படிகளில் ஓடுகிறாள். காவடிக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் சொல்வதெல்லாம் ஊர் மறைத்து வைத்த உண்மை. ஊர் கல்லெறிகிறது. கடைசியில் அடிவாரக் குளத்தின் படிகளில் இறங்குகிறாள். தண்ணீருக்கு மேல் அவள் கூந்தல் மட்டும் கொஞ்ச நேரம் மிதக்கிறது.

அவர் முழுவதும் அடித்து முடித்தார். வழக்கம்போல ஒரு சொல்லையும் மாற்றவில்லை. படியைக் கையில் கொடுக்காமல் மேசைமேலேயே வைத்துக்கொண்டார்.

"இது நான்தானே நைனா?"

"இல்லக்கா. அது ஒரு படிமம்."

"படிமம்னா?"

"ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணைக் காட்றது."

"என்னைச் சொல்லி யாரைக் காட்ற?"

சமூகம் என்றேன். அதன் போலித்தனம் என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தடவிக் காட்டினார். முடி காதைத் தொடத் தொடங்கியிருந்தது.

"எனுக்கு முடியே இல்லியே. எதை விரிச்சிப் போட்டுகினு ஓட்றேன்?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும். கூந்தல் இருக்கட்டும், சிரிப்பு இருக்கட்டும். ஆனா என்னை சாவடிக்காதே. மறுநாள் வந்து கடையைத் திறந்தாள்னு முடி."

"அப்படி முடிச்சா கதை நிக்காதுக்கா."

"ஏன் நிக்காது? நான் தினம் அதைத்தானே செய்றேன்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. இருபத்து நான்கு வயது. பல்கலைக்கழகத்தில் படித்த எல்லாவற்றையும் அந்த மேசையின்மேல் கொட்டினேன். சாவு ஒரு மறுப்பு என்றேன். அவள் மூழ்குவதால்தான் வாசகன் குற்றவுணர்வு கொள்வான் என்றேன். அவர் படியை என் பக்கம் நகர்த்தினார்.

"படிச்சிப் பாத்துக்க. அப்பறம் என்னை சொல்லக்கூடாது."

சரி பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

*

கதை ஒரு சிற்றிதழில் வந்தது. ஒரு பரிசும் கிடைத்தது. உள்ளூர்க்காரன் பரிசு வாங்கினான் என்பதற்காக, கதையே படிக்காதவர்கள் அதைப் படித்தார்கள். யாரோ பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். பள்ளிப்பட்டு வரை போனது.

பெயர் இல்லை, அடையாளம் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஊருக்கு அடையாளம் தேவைப்படவில்லை. அதுவரை அவர் மறுபடி எப்போது நோயில் விழுவார் என்றுதான் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது எப்போது குளத்தில் விழுவார் என்று பார்த்தது. அடிவாரத்தில் பூ விற்கும் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டாளாம். "நான் முல்லைப்பூ வாங்கப் போனேன்டா. என்னை ரோடு தாண்ட வுட்டுட்டு, பூ குடுக்க மறந்துட்டா."

இதைச் சொல்லிச் சிரித்தார். அடுத்ததைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. சேகர் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மரியாதையாகத்தான் கேட்டாராம். "உன் நல்லதுக்குத்தாம்மா. காலைல நீ தனியா இருக்கிற. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா ஷட்டருக்குள்ள யார் பாக்கறது?"

அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு வந்து மூடிய கடையின் முன்னால் நிற்பார். பக்கத்து டீக்கடைக்காரர் பெஞ்சில் உட்காரச் சொல்வார். உட்கார மாட்டார். பதினொரு மணிக்கு சேகர் வந்து திறப்பார். இரண்டு மணி நேரம். மழை நாளிலும். பட்டா மனுவோடு வருகிறவர்கள் அவரும் ஒரு வாடிக்கையாளர் என்று நினைத்து வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பார்கள்.

நான் சேகரிடம் பேசினேன். அது வெறும் கதை என்றேன். அவர் நியாயமாகவே கேட்டார்.

"நீயே அப்படி நினைச்சிதானே தம்பி எழுதின?"

பாராட்டு விழாவுக்கு அக்காவும் வந்தார். கடைசி வரிசை. முடி கழுத்துக்கு வந்திருந்தது. சின்னதாகப் பின்னிப் பூ வைத்திருந்தார். சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், பித்துதான் உண்மையான தெளிவு, நாம்தான் நோயாளிகள் என்று பேசினார். பலத்த கைத்தட்டல். நானும் தட்டினேன். மேடையிலிருந்து பார்த்தேன். அக்கா மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மாத்திரையால் வரும் நடுக்கத்தை மறைக்க அவர் எப்போதும் அப்படித்தான் கையின்மேல் கை வைத்துக்கொள்வார்.

வெளியே வந்ததும் சொன்னார்.

"அந்த சாருக்கு அந்தத் தெளிவு ஒருநாள் வரட்டும். மாத்திரை நான் தரேன்."

*

அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுவே அவருடைய சாதனை. எதுவும் நடக்கவில்லை. மாத்திரை, தூக்கம், தட்டச்சு. முனிரத்தினம் அண்ணனின் மகளுக்கு வீட்டுப்பாடம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேலூர். உடம்பு பெருத்தது, அது மருந்தின் வேலை என்று தெரிந்தும் ஊர் அவரைத் தின்னி என்றது. முடி தோளுக்கு வந்து, தோளைத் தாண்டியது. கடந்த ஆண்டு முதுகின் பாதியைத் தொட்டபோது ஒரு நாள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக் காட்டினார். "பாத்தியா. உன் கதைல வர்றா மாதிரி ஆயிட்டேன். இப்ப ஓடலாம்."

என்னை மன்னித்தாரா என்று தெரியாது. பேசாமல் இருந்ததில்லை. பிறகு நான் எழுதிய ஒன்பது கதைகளையும் அவரே அடித்தார். அவற்றில் பைத்தியக்காரர்கள் யாரும் இல்லை. அவரிடம் எனக்கு இருந்த பயம்தான் காரணம். அதை வைத்து நான் திருந்திவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

சாவி திரும்ப வரவில்லை. இரண்டு முறை கேட்டிருக்கிறார். பாக்கலாம்மா என்றாராம் சேகர்.

*

அவர் இறந்தது எப்படி என்பதை முனிரத்தினம் அண்ணன் சொன்னபடி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் அக்கா நெஞ்சில் அழுத்தம் என்றார். இடது தோள் வலி. வியர்வை. அண்ணன் ஆட்டோவில் அழைத்துப் போனார். எந்த மருத்துவமனை என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த மருத்துவமனைக்கே அவர் மகளையும் நாளை தூக்கிப் போக வேண்டியிருக்கும்.

பணியில் இருந்தவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். அண்ணன் பையிலிருந்து வேலூர்ச் சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார். உண்மையை மறைக்கக் கூடாது என்று நினைத்தார். சீட்டைப் பார்த்த பிறகு அந்த மனிதர் அக்காவைப் பார்க்கவில்லை. அண்ணனிடம் மட்டுமே பேசினார்.

"இவங்களுக்கு இப்படித்தான் வரும். பயம். தூங்கினா சரியாயிடும்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னாராம். "இது அது இல்ல சார். அது எப்படி இருக்கும்னு எனுக்குத் தெரியும். இது வேற."

கத்தவில்லை. கத்தினால் பிடித்து அமுக்கி ஊசி போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கையின்மேல் கை வைத்துக்கொண்டு, மனு வாசித்துக் காட்டுகிற குரலில் இரண்டு முறை சொன்னார். தூங்க ஊசி போட்டு அனுப்பினார்கள். தூங்கினார். காலையில் அண்ணன் எழுப்பியபோது எழவில்லை.

என் ஆய்வேட்டின் முதல் இயலில் நாற்பது பக்கத்துக்கு ஒரு வாதம் இருக்கிறது. பைத்தியத்தின் சொல்லே உண்மையின் சொல் என்று. பட்டமும் வாங்கிவிட்டேன். நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னபோது அதை உண்மை என்று எடுத்துக்கொள்ள அந்த அறையில் ஒருவரும் இல்லை. மலைப்படியில் நின்று அடுத்தவன் பிள்ளைக்கு எப்போது வேலை வரும் என்று அவர் சொன்னதை நம்பியிருக்கிறார்கள்.

*

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் இருந்தது. மூன்று பேர் என்னிடம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கதைல எழுதினாப்லயே. ஒருவர் என் கைகளைப் பற்றிக்கொண்டு, நீ முன்னாடியே பாத்துட்ட தம்பி என்றார். பாராட்டுகிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் என் கதையின் படங்கள் அஞ்சலி என்ற தலைப்போடு மறுபடி வாட்ஸப்பில் சுற்றத் தொடங்கியிருந்தன.

அக்கா நடுவீட்டில் கிடந்தார். பின்னல் தோள்வழியே முன்னால் வந்து இடுப்புக்குச் சற்று மேலே முடிந்தது. அந்தத் தலையில் அவ்வளவு முடியை நான் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும். அதற்கு முன்பு ஊரும் பார்த்ததில்லை. உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அஞ்சு வருசமா மலைக்கு முடி குடுக்கலியே, அதான்," என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு முனிரத்தினம் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஸ்கூல்ல எம் பொண்ணைக் கேட்டுகினு கீறாங்களாம். உங்க அத்தை குளத்துல குதிச்சிட்டாங்களான்னு. அது வீட்டுக்கு வந்து என்னைக் கேக்குது. நான் இல்லன்னேன். நம்பல. எழுதியிருக்குதேன்றா. நீ எழுதினதை நீதான் மாத்தணும். பெரிய வார்த்தையெல்லாம் வாணாம். நாலு பேருக்குப் புரியற மாதிரி எழுதிப் போடு."

எழுதுகிறேன், அண்ணா. தேவகி அக்கா குளத்தில் விழவில்லை. எந்தக் குளத்திலும், எந்த நாளிலும். அப்படி நினைத்ததாக ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவருக்கு ஒரு நோய் இருந்தது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்து சாப்பிட்டார். கடைசி ஐந்து ஆண்டுகள் நன்றாக இருந்தார். இறந்தது இதய நோயால். அது இதய நோய் என்று அவர் சொன்னதை நம்பாததால். அவரைக் குளத்தில் தள்ளியவன் நான். எழுதும்போது எனக்கு இருபத்து நான்கு வயது என்பது காரணம் ஆகாது. அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தள்ளினேன்.

கூட்டம் கலைந்த பிறகு சேகர் ஒரு ஓரமாக நின்றிருந்தார். சட்டைப்பையில் கையை விட்டு எடுப்பதும் போடுவதுமாக இருந்தார். சாவிக்கொத்து. யாரிடமாவது கொடுக்க வந்தவர் போல இருந்தது. வாங்க ஆள் இல்லை.

இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்தவர் வேறு ஒருவர். நல்லவர், வேகமானவர். முடித்ததும் கோப்பை அனுப்பிவிட்டார். படித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை.

அக்கா கேட்ட முடிவை என் கதையின் கடைசிப் பத்தியை நீக்கிவிட்டு இங்கே எழுதிவைக்கிறேன். இனி யாராவது அந்தக் கதையைப் படித்தால் இப்படி முடித்துக்கொள்ளட்டும்:

'மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து கடையைத் திறந்தாள். ஷட்டர் வலது பக்கம் சிக்கிக்கொள்ளும். அடியில் ஒரு உதை கொடுத்து மேலே தள்ளினாள். பட்டா மனுவோடு ஒருவர் அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தார். உக்காருங்க, இதோ அடிச்சிடலாம் என்றாள்.'

அவர் கேட்ட அன்றே எழுதியிருந்தால் இது உண்மையாக இருந்திருக்கும். இப்போதுதான் கதை ஆகியிருக்கிறது.

சரி பார்த்துவிட்டேன். போய் வாருங்கள், அக்கா.